பாலிஷுக்கும் ஆயுள் உண்டு

பேரங்காடியில் பால்மாவு வாங்கும்போது நாம் டின்னைத் தலைகீழாகத் திருப்பித் தேதியைப் பார்க்கிறோம். ரொட்டிக்கும் அப்படித்தான். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் பல உணவுப் பொருள்களுக்குத் தேதி அச்சிடுவதைக் கட்டாயமாக்கியுள்ளன. அதனால் தேதி பார்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அதே பேரங்காடியின் இன்னொரு மூலையில் மகிழுந்துக்கான பாலிஷ், மெழுகு, டயர் மினுக்கி என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அவற்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தேதி என்ற ஒன்றே இருக்காது. தேதி இல்லாத பொருள் கெடவே கெடாது என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு சிறு விளக்கம். தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் 'பாலிஷ்' என்று எழுதலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். 'மெருகுக் குழம்பு' என்று எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியபோது விடுதி அறையில் இருந்த எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. ஆகவே, பட்டறையில் உள்ளவர்கள் சொல்லும் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். தமிழில் நல்ல சொல் இருக்கும் இடங்களில் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

நான் வேதியியல் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவி. பாலிஷில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் தாய்மாமா. கிள்ளானில் மகிழுந்து கழுவி மெருகேற்றும் சிறிய கடை ஒன்றை அவர் நடத்தி வருகிறார். மூன்று வேலையாள்கள், இரண்டு மெஷின்கள், தகரக் கூரை, பின்புறத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சரக்கறை. அவ்வளவுதான் கடை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், கடையை மூடப்போகும் ஒரு வியாபாரியிடமிருந்து 48 புட்டி பாலிஷை, புட்டி 28 ரிங்கிட் என்று மாமா வாங்கிப் போட்டார். வழக்கமான விலையில் பாதிகூட இல்லை. தீபாவளிக்கு முன்பு கூட்டம் அலைமோதும் நேரம் வேறு.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாடிக்கையாளர் ஒருவரின் கறுப்பு மகிழுந்தில் கூரை முழுக்கக் கீறல் விழுந்துவிட்டது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை போல் இருந்ததாம். வேலையாள் மெஷினைத் தவறாகப் பிடித்தான் என்று மாமா முதலில் அவனைத்தான் திட்டினார். அவனோ பதினோர் ஆண்டுகளாக அதே வேலையைச் செய்பவன். மறுபடியும் மெருகேற்றிக் கொடுத்ததோடு 450 ரிங்கிட்டும் கொடுத்து அந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அந்த வாரக் கடைசியில் நான் போயிருந்தபோது ஒரு புட்டியைக் கையில் கொடுத்து, "கெமிஸ்ட்ரிதானே படிக்கிற பாப்பா? இது கெட்டுப்போச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு. இன்னும் 31 புட்டி கெடக்கு" என்றார். அந்த வேலையாளும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

பாலிஷ் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குவோம். தண்ணீர், மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரு கரைப்பான், வழவழப்புக்குக் கொஞ்சம் எண்ணெய், தேய்ப்பதற்கு மிக நுண்ணிய துகள்கள் ஆகியவையே அடிப்படை. துகள்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடாக இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதவை. அவற்றை ஒன்றாக நிறுத்தி வைக்கப் பால்மமாக்கி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். குழம்பு கெட்டியாக இருக்க ஒரு பொருள், பாக்டீரியா வளராமல் இருக்க இன்னொரு பொருள். எண்ணெய்த் துளிகள் தண்ணீருக்குள் பிரியாமல் மிதந்துகொண்டிருக்கும் இத்தகைய கலவைக்குத்தான் பால்மம் என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் இதை மலாயில் 'எமல்சி' என்று மனனம் செய்தேன். 'பால்மம்' என்ற சொல்லைப் பின்னாளில் படித்தபோதுதான், பாலைப் போன்றது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

பாலைப் போன்றது என்றவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது பசும்பால் அன்று, ரப்பர்ப் பால். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மங்கில் விழுந்த பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் மறுநாள் அது கட்டிப்பால் ஆகிவிடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் என்பதை ஐந்தாம் படிவத்து வேதியியல் பாடம் சொன்னது. ரப்பர்த் துகளைச் சுற்றியுள்ள புரதப் படலத்தில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. பாக்டீரியா உள்ளே புகுந்து அமிலத்தை உண்டாக்கினால் அந்த மின்னேற்றம் நீங்கிவிடும். துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா சேர்த்தால் பால் நீர்மமாகவே இருக்கும். பாலிஷின் கதையும் ஏறக்குறைய இதுவே. பிரிந்து நிற்க வேண்டியவை ஒன்று சேர்ந்துவிட்டால் பாலிஷ் கெட்டுவிட்டது என்று பொருள். கட்டிப்பாலுக்கு ஓர் இரவு போதும். பாலிஷுக்குச் சில ஆண்டுகள் ஆகும். வேறுபாடு அவ்வளவே.

இந்தக் கெடுதல் மூன்று நான்கு வழிகளில் நடக்கிறது. முதலாவது, துகள்கள் அடியில் படிவது. அலுமினியம் ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே அது கீழே இறங்கத்தான் செய்யும். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை 1851-இல் ஸ்டோக்ஸ் வகுத்த விதியைக் கொண்டு கணக்கிடலாம். விட்டம் ஒரு மைக்ரோன் உள்ள துகள் ஒன்றை வெறும் தண்ணீரில் விட்டால் ஒரு நாளில் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதாவது, ஒரே நாளில் புட்டியின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். தண்ணீரைவிட 5000 மடங்கு பாகுத்தன்மை உள்ள குழம்பில் அதே துகள் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஓராண்டு பிடிக்கும். குழம்பைக் கெட்டியாக்கும் பொருளைச் சேர்ப்பதன் காரணம் இதுதான். துகளின் விட்டம் மூன்று மடங்கானால் இறங்கும் வேகம் ஒன்பது மடங்காகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதனால்தான், கனத்த கீறலை அகற்றும் முரட்டு காம்பவுண்டு, கடைசிக்கட்ட மெருகுக்கான பாலிஷைவிட விரைவில் அடியில் படிகிறது.

படிவது மட்டும் பெரிய குற்றமன்று. புட்டியை நன்றாகக் குலுக்கினால் துகள்கள் மீண்டும் கலந்துவிடும். ஆனால் பல மாதங்கள் அசையாமல் கிடந்தால் அடியில் கிடப்பவை மேலிருப்பவற்றின் பாரத்தால் நெருங்கி, களிமண் போல் இறுகிவிடுகின்றன. அப்போது குலுக்கினாலும் பாதிதான் கலக்கும். மேலே வருவது துகள் குறைந்த எண்ணெய்க் கலவை. அதைக் கொண்டு தேய்த்தால் ஒன்றும் ஆகாது. புட்டி தீரப்போகும் சமயத்தில் வருவதோ துகள் நிறைந்த கட்டி. ஒரே புட்டி, முதல் மகிழுந்துக்கு ஒரு மருந்து, கடைசி மகிழுந்துக்கு வேறொரு மருந்து.

இரண்டாவது, வெப்பம். மாமாவின் சரக்கறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். காலை ஏழு மணிக்கு 26 பாகை செல்சியஸ் காட்டியது. பிற்பகல் இரண்டரைக்கு 41. வெப்பம் கூடினால் குழம்பின் பாகுத்தன்மை குறையும். துகள் விரைவாக இறங்கும். எண்ணெய்த் துளிகளும் அடிக்கடி மோதிக்கொண்டு பெரிய துளிகளாகிப் பிரியும். வேதிவினைகளைப் பொறுத்தவரை, வெப்பம் பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. தோராயமான கணக்குதான், ஆனாலும் 27 பாகையில் நான்கு ஆண்டு தாங்கக்கூடிய ஒரு பொருள் 37 பாகையில் இரண்டு ஆண்டுதான் தாங்கும் என்று எண்ணிப் பார்க்க அது உதவுகிறது. குளிர்நாட்டு நூல்களிலும் புட்டிகளின் மேலும் 'உறையவிடாதீர்' என்ற எச்சரிக்கை முன்னால் நிற்கும். உறைந்தால் பால்மம் உடைந்துவிடும் என்பது உண்மையே. நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு வேண்டிய எச்சரிக்கை தகரக் கூரையைப் பற்றியது. அதை யாரும் அச்சிடுவதில்லை.

வெப்பம் ஏறி இறங்குவதால் இன்னொன்றும் நடக்கிறது. பகலில் புட்டிக்குள் இருக்கும் காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. மூடி சரியாக இறுகாவிட்டால் புட்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கரைப்பான் ஆவி வெளியேறும். மூடி இறுக்கமாக இருந்தாலும் சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கின் ஊடாகவே மெல்லக் கசிந்து போய்விடும். அலமாரியில் திறக்காமலேயே கிடந்த புட்டி, யாரோ விரலால் அழுத்தியது போல் விலா ஒட்டி நின்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாக்டீரியா. தண்ணீரும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் அது வளரும். அதைத் தடுக்கச் சேர்க்கும் பொருள் நாள்பட நாள்பட வலுவிழக்கும். புட்டியைத் திறந்ததும் புளித்த வாடையோ அழுகிய வாடையோ அடித்தால் அது கெட்டதற்கான தெளிவான அறிகுறி. இங்கே நம்மவர்கள் செய்யும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். பாலிஷ் கெட்டியாகிவிட்டால் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்குவார்கள். பார்வைக்குப் புதியது போல் ஆகிவிடும். உண்மையில் பால்மமாக்கியும் பாதுகாப்புப் பொருளும் நீர்த்துப்போய், பாக்டீரியாவுக்கு விருந்து வைத்தது போலாகும். குழம்பு நீர்த்ததால் துகள் முன்னிலும் விரைவாகப் படியும். போன கரைப்பானுக்குத் தண்ணீர் ஈடாகாது. தேய்த்த ஸ்பான்ச் பேடால் புட்டியின் வாயைத் துடைப்பதும் இதே வகைதான். பேடில் உள்ள அழுக்கும் சாயத் தூளும் புட்டிக்குள் போய்ச் சேரும்.

இனி கீறலுக்கு வருவோம். கறுப்பு மகிழுந்தின் கூரையைக் கெடுத்தது எது? புட்டியின் வாயிலும் மூடியின் திருகிலும் காய்ந்து ஒட்டியிருந்த பொருக்குதான் என்பது நான் கண்ட முடிவு. தொழிற்சாலையிலிருந்து வரும் மகிழுந்தில் இரும்பின் மேலுள்ள சாயப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் இருக்கும். அதில் மேலே பளபளக்கும் தெளிபூச்சு 40, 50 மைக்ரோன் அளவே. நம் தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால், நாம் மெருகேற்றும் அந்தப் பூச்சு ஒரு முடியை விட மெல்லியது. நல்ல பாலிஷ் அதில் ஓரிரு மைக்ரோனை மட்டும் சீராகத் தேய்த்தெடுக்கிறது. காய்ந்த பொருக்கில் ஆயிரக்கணக்கான துகள்கள் ஒன்றாக ஒட்டி ஒரு மணலளவுக்கு ஆகிவிடுகின்றன. அந்த ஒரு கட்டி பேடில் சிக்கி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழன்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. சில பாலிஷ்களில் துகள்கள் தேய்க்கத் தேய்க்கச் சிறிதாக உடையும்படி செய்திருப்பார்கள். ஆனால் காய்ந்து இறுகிய கட்டி அப்படி உடைவதில்லை.

இதைச் சொல்லிவிட்டால் போதுமா, காட்ட வேண்டாமா? மாமாவின் நண்பரின் பட்டறையில் கழற்றிப் போட்ட கறுப்பு பானட் ஒன்று கிடந்தது. நடுவில் ஒட்டுநாடாவை ஒட்டி இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் புதிதாக வாங்கிய அதே பாலிஷ், மறுபக்கம் பழைய புட்டி. அதே மெஷின், அதே வேகம், தனித்தனி பேடுகள். தேய்த்தவன் திட்டு வாங்கிய அதே வேலையாள். வெயிலுக்குத் திருப்பியபோது கோடு போட்டது போல் வேறுபாடு தெரிந்தது. மாமா நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவனைப் பார்த்து, "சரி, உன் கை இல்லடா" என்றார். மன்னிப்பு என்று நம் வீடுகளில் கேட்பது அவ்வளவுதான். மறுநாள் அவனுக்குக் காலைப் பசியாறல் மாமாவின் செலவில்.

புட்டியின் வயதைக் கண்டுபிடித்தது தனிக் கதை. தேதி இல்லை என்றேன் அல்லவா? ஆனால் பெரும்பாலான புட்டிகளின் அடியிலோ கழுத்திலோ சில எண்கள் மங்கலாக அச்சாகியிருக்கும். தயாரிப்புத் தொகுதியின் எண் அது. எப்படி எழுதுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலர் கையாளும் ஒரு முறையில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. மாமாவின் புட்டிகளில் 19212 என்று இருந்தது. தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டோம். அந்த முறைதான் என்று பதில் வந்தது. 2019-ஆம் ஆண்டின் 212-ஆம் நாள் என்றால் ஜூலை 31. ஆக, மாமா வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. திறக்காத புட்டிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். நிழலான, குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் அதற்கு மேலும் நன்றாக இருப்பதுண்டு. இவை அந்த ஐந்து ஆண்டுகளை எங்கே, எந்த வெயிலில் கழித்தன என்பது எண்ணில் எழுதியிருக்காது.

31 புட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் குலுக்காமல் மூடியைத் திறந்து முகர்ந்தோம். எட்டுப் புட்டிகளில் வாடை மாறியிருந்தது. அவை அங்கேயே ஒதுக்கப்பட்டன. பிறகு மூடிவிட்டு, படுக்கவைத்து உருட்டி, ஒரு நிமிடம் குலுக்கி, அடியை ஒரு மூங்கில் குச்சியால் தொட்டுப் பார்த்தோம். பதினான்கில் களிமண் போல் ஒரு படிவு, எவ்வளவு குலுக்கியும் அசையவில்லை. எஞ்சிய ஒன்பதும் சீராகக் கலந்தன. அவற்றில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து இன்னொரு துண்டால் தேய்த்துப் பார்த்தோம்; நெறுநெறுப்பு இல்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு 22 புட்டிகளைக் கழித்தோம். 616 ரிங்கிட். மாமி அதைக் கணக்கேட்டில் எழுதும்போது எதுவும் பேசவில்லை. எழுதி முடித்துப் பேனாவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பாலிஷைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதே அலமாரியில் இருக்கும் மற்றவற்றை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டின்னில் வரும் கெட்டி மெழுகுதான் இவற்றில் நீண்ட ஆயுள் கொண்டது. அதில் புகழ்பெற்ற கார்னௌபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. 82 பாகைக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62, 64 பாகையிலேயே உருகிவிடும் என்பதோடு ஒப்பிட்டால் அதன் உறுதி விளங்கும். தண்ணீர் இல்லாத மெழுகில் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. கரைப்பான் மட்டும் ஆவியாகும். மெழுகு சுருங்கி டின்னின் விளிம்பை விட்டு விலகி வெடிக்கும். அப்போதும் கையில் மிருதுவாக வந்தால் பயன்படுத்தலாம். என் தந்தையின் டின் ஒன்று என்னைவிட ஓரிரு வயதுதான் இளையது. இன்னும் எங்கள் வீட்டு மகிழுந்தைப் பளபளக்க வைக்கிறது.

அதற்கு நேர்மாறானது செராமிக் பூச்சு. சிறிய கண்ணாடிப் புட்டியில் 30, 50 மில்லிலிட்டராக வரும். விலையோ மலைக்க வைக்கும். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இது, காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் சாயத்தின் மேல் கெட்டியாகிறது. புட்டியைத் திறந்த கணத்திலிருந்து புட்டிக்குள்ளும் அதே வினை தொடங்கிவிடும். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பது. பாதி புட்டியை மூடி வைத்து அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், கழுத்தில் பளிங்குப் பொடியைத்தான் காண்பார். அந்தப் பொடி சாயத்தைக் கீறும். திறந்தால் முடித்துவிடுவதே நல்லது. இரண்டு வண்டிகளை ஒரே நாளில் வைத்துக்கொண்டால் காசு மிச்சம்.

சக்கரத்தில் ஒட்டிய இரும்புத் தூளை அகற்றும் நீர்மம் ஒன்று உண்டு. தெளித்ததும் ஊதா நிறமாக வழியும். முடிதிருத்தும் நிலையத்தில் தலைமுடியைச் சுருட்டுவதற்குப் போடும் மருந்தின் நாற்றம் அதில் வீசுவதைச் சிலர் கவனித்திருக்கலாம். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைக்கொலேட் என்ற ஒரே பொருள். காற்றுப் பட்டால் இது ஆக்சிஜனேற்றம் அடைந்து வலுவிழக்கும். எனவே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இரும்பு படிந்த தூரிகையைப் புட்டிக்குள் விடக் கூடாது. புட்டிக்குள்ளேயே ஊதாவாகிவிட்டால் அதன் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை எளிது. வீட்டுக்குள், தரையை ஒட்டிய, வெயில் படாத அலமாரி. மகிழுந்தின் பின்பெட்டி வேண்டவே வேண்டாம். அழுத்தமூட்டிய டின்களில் 50 பாகைக்கு மேல் போகவிடாதீர் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நண்பகலில் வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் உட்புறம் அதைத் தாண்டுவது வெகு எளிது. உணவு வைக்கும் ஐஸ் பெட்டியிலும் வைக்காதீர்கள். மாமாவின் சரக்கறைக்குத் தகரத்தின் கீழ் ஓர் அட்டைக்கூரை அடித்து, சுவரில் காற்றுப் போக ஒரு ஜன்னல் வெட்டினோம். பிற்பகல் வெப்பம் 41-இலிருந்து 34-க்கு இறங்கியது. புட்டிகள் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வந்தன. வாரம் ஒரு முறை, கடை மூடும் ஞாயிறு மாலையில், எல்லாவற்றையும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைப்பது கடைசியாகப் போகிறவரின் வேலை. வாங்கிய தேதியும் திறந்த தேதியும் அழியாத மையால் புட்டியின் மேலேயே எழுதப்படுகின்றன.

வீட்டில் மெருகேற்றுபவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரு மகிழுந்துக்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் பாலிஷ் செலவாவதை மாமாவின் கடையில் அளந்து பார்த்தேன். 473 மில்லிலிட்டர் புட்டி ஒன்று எட்டு முறைக்குக் கிட்டத்தட்டப் போதும். ஆண்டுக்கு இரு முறை மெருகேற்றினால் நான்கு ஆண்டு. பெரிய புட்டி மலிவு என்று வாங்கினால், பின்பாதி கெட்டுப்போகத்தான் வாங்குகிறீர்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பங்கிடும்போது எதில் ஊற்றுகிறீர்கள் என்பதுதான் எனக்கு இந்த முழுக் கட்டுரையிலும் பெரிய கவலை. மாமாவின் கடையைச் சுத்தம் செய்தபோது, மூலையில் ஒரு குளிர்பானப் புட்டியில் இளமஞ்சளாக ஏதோ இருந்தது. பார்த்தால் எலுமிச்சைச் சாறு. சக்கரம் கழுவும் அமிலம் அது. பெரிய கேனிலிருந்து யாரோ கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஊற்றி வைத்திருக்கிறார்கள். இத்தகைய அமிலங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ கலந்திருக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் சில மணி நேரம் கழித்து உள்ளே அரிக்கத் தொடங்கும் நஞ்சு அது. பாலிஷில் உள்ள கரைப்பானும் குறைந்ததன்று. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய வேளைகளில் ஆலோசனை வழங்குகிறது. அன்று மாலை பள்ளிவிட்டு வந்த மாமாவின் இளைய மகன் அதே மூலையில்தான் பையை வைத்தான்.

2013-ஆம் ஆண்டில் வெளிவந்த இரசாயன வகைப்பாட்டு விதிமுறைகளின்படி, பணியிடத்துக்கு வரும் அபாயகரமான இரசாயனங்களுக்கு வழங்குநர் பாதுகாப்புத் தரவுத்தாள் கொடுக்க வேண்டும். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் ஏழாம் பகுதி கையாளுவதும் சேமிப்பதும் பற்றியது; பத்தாம் பகுதி பொருள் எப்போது நிலைகுலையும் என்பதைச் சொல்வது. முதலுதவி நான்காம் பகுதி. மாமா வாங்கும் எல்லாப் பொருளுக்கும் தாளைக் கேட்டு வாங்கினோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்; மலாய் நன்றாகப் பேசுவார், ஆனால் இத்தகைய தாளைப் படிக்க உட்கார மாட்டார். நான்கு, ஏழு, பத்து ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, சரக்கறைக் கதவில் ஒட்டினேன். தமிழ் தெரியாத இரண்டு வேலையாள்களுக்காக மலாயில் பெரிய எழுத்தில் இன்னொன்று. 'நிலைகுலைதல்' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, 'கெட்டுப்போற நேரம்' என்று மாமா தம் கையால் எழுதிக்கொண்டார்.

கழித்த 22 புட்டிகளையும் சாக்கடையில் ஊற்றவில்லை. கழிவு எண்ணெயை எடுத்துப்போகும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் பேசி, பக்கத்துப் பட்டறையின் கழிவோடு சேர்த்து அனுப்பினோம். அதற்கும் ஒரு சிறு கட்டணம் ஆயிற்று. மீதி ஒன்பது புட்டிகளில் இக்கட்டுரையை எழுதும் நாளில் இரண்டு இருக்கின்றன. வெள்ளை மகிழுந்துகளுக்கு மட்டும் போடுவது என்று மாமா முடிவு செய்திருக்கிறார்.